கூடைக்குள் செய்தித்தாள்

பால்டிமோர்
புதன் இரவு

அன்புள்ள அப்பாவுக்கு, புளூமா எழுதுவது. இங்கே அம்மா, தம்பி யோனா, நான் மூவரும் சளிகூடப் பிடிக்காமல் இருக்கிறோம். அங்கே உங்கள் நெஞ்செரிச்சலும் முழங்கால் வலியும் அடங்கி, ராத்திரி தூக்கம் வருகிறது என்றால் அதுவே எங்களுக்குப் போதும். யோனாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, நீங்கள் வரும்வரை கீழே போடமாட்டேன் என்று டப்பாவில் வைத்திருக்கிறான். நாளைக் காலை ஸெலிக் மாமா உங்கள் தொழிற்சாலைப் பக்கம் கிளம்புகிறார். வேறு இரண்டு தொழிற்சாலைகளைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம்தான் உங்களிடம் வருவாராம். அம்மா கட்டி வைத்திருக்கிற பார்சலில் உலர்ந்த சலாமி இறைச்சிக்கும் கம்பளிச் சாக்ஸுக்கும் நடுவே இதைச் செருகப்போகிறேன். நீங்கள் பிரிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும், எனக்குப் பன்னிரண்டு நிறைவதற்கான பாட் மிட்ஸ்வா விருந்து முடிந்திருக்கும், நான் செய்ய நினைத்ததையும் செய்திருப்பேன். அதனால்தான் போனில் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் வேண்டாம் என்பீர்கள். உங்கள் பேச்சை மீறுவதைவிட உங்களைக் கேட்காமல் செய்வது கொஞ்சம் சின்னத் தப்பு என்று எனக்குப் படுகிறது.

நிலவறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெந்நீர் பாய்லர் உறுமும்போதெல்லாம் அம்மாதான் இறங்கி வருகிறாளோ என்று காகிதத்தை மறைக்கிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். என்னைச் சுற்றி ஞாயிறு விருந்துக்கான இருபது கூடைகள். எங்கள் வகுப்பில் எல்லாரும் பாட் மிட்ஸ்வாவுக்கான நற்பணியை முடித்தாயிற்று. என் தோழி நஹாமா, மருத்துவமனைக் குழந்தைகளுக்குப் பொம்மை சேர்த்தாள், இன்னொருத்தி தலைமுடியை வெட்டிக் கொடுத்தாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் உணவு வங்கியில் அலமாரி அடுக்கினேன், அது போதாதென்று அம்மாவும் ஸ்பெக்டர் ஆன்ட்டியும் எனக்குக் கூடையும் வைத்தார்கள். விருந்து மேஜைகளில் பூங்கொத்துக்குப் பதிலாக, மக்ரோனிப் பெட்டியும் அரிசிப் பெட்டியும் பிஸ்கட்டும் அடுக்கிய கூடை. மேலே ஓர் அட்டை, ‘இந்த உணவு பசித்தவர்களுக்கு, புளூமாவின் பெயரால்.’ பெண்கள் சங்கத்துத் தலைவி ஸ்பெக்டர் ஆன்ட்டியின் பொறுப்பில் இதே கூடைகள்தான் விருந்துக்கு விருந்து போகின்றன, ரிப்பனும் பெயரும் மட்டும் மாறும். இதில் என்ன தப்பு என்று நானும்தான் நினைத்தேன்.

நஹாமாவின் விருந்தில் எங்கள் மேஜைக் கூடையிலிருந்து ஒரு மக்ரோனிப் பெட்டியை ஒரு பெண் எடுத்துக்கொண்டு போனாள். எங்கள் வகுப்புத்தான். பெயர் சொல்லமாட்டேன், உங்களிடம்கூட. அவள் வீட்டில் பசி இருக்கிறது, அட்டையில் பசித்தவர்களுக்கு என்று எழுதியிருக்கிறது, எடுத்தாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கைகழுவும் இடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தி அந்தப் பெட்டியை நீட்டினாள். அடியில் பசை பிரிந்திருந்தது. உள்ளே முழுக்கக் கசக்கிய செய்தித்தாள். “என் தம்பி தண்ணிய கொதிக்க வெச்சுட்டு நின்னான்டி, இதைத்தான் போட்டிருக்கணும்”னு சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. “உங்க கூட்டம் பசிக்குப் பேப்பரா போடுது? நான் குடுத்தேன்னு சொல்லிடாதே, நீயே திருப்பிக் குடுத்துடு” என்றாள்.

நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்பெக்டர் ஆன்ட்டி பெட்டியை வாங்கி மூலை நசுங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள். “ரெண்டு நாளா தேடறேன், ஒரு செட்டே கெட்டுப்போச்சு. யாரு எடுத்தது?” என்றாள். சொல்லமாட்டேன் என்றேன். “அப்போ நீதான். ஒரு காலிப் பெட்டியைப் போய்த் திருடுவியா, உங்கப்பா பேரு என்ன ஆறது?” என்றாள். காலி என்று தெரிந்தால் யார் திருடுவார்கள் ஆன்ட்டி என்று கேட்டுவிட்டேன். அதற்குத்தான் இவ்வளவும். அம்மாவுக்குப் போன் போயிற்று. அம்மா கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ரிப்பன் வெட்டிக்கொண்டே, “உங்கப்பா இல்லாத நேரத்துல என்னை இப்படித் தலைகுனிய வைக்கிறியே, ஒரு வார்த்தை சாரின்னா வாய் வெந்துடுமா?” என்றாள். ஞாயிறு நான் பேசவேண்டிய உரையில் ஸ்பெக்டர் ஆன்ட்டியே ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறாள், பிறர் பொருளைக் கேளாமல் எடுத்ததற்கு வருந்துகிறேன் என்று. நூற்றிருபது பேர் முன்னால் அதைப் படிக்கவேண்டுமாம். நான் படிக்கப்போவதில்லை.

நான் அவசரப்பட்டு முடிவு செய்யவில்லை. உணவு வங்கியை நடத்துகிற ஹெஷி மாமாவிடம் கேட்டேன். அவர் என்னைத்தான் மடக்கினார். “அசடே, சங்கத்துக்காரங்க எங்களுக்குப் பணமா குடுத்துடறாங்க. நீ கடையில ஒரு பெட்டி வாங்கற காசுக்கு நான் மொத்தமா மூணு வாங்குவேன். கூடை சும்மா அலங்காரம்” என்றார். சரி, அவர் சொல்வது சரிதான். அப்படியானால் அட்டையில் பணம் கொடுத்தோம் என்று எழுதட்டுமே. உணவு என்று எழுதினால் உள்ளே உணவு இருக்கவேண்டாமா? அப்பா, நீங்கள் எங்களைவிட்டு அத்தனை தூரத்தில், ஆரஞ்சுச் சுளை டப்பாவில் அடைபடுவதைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க எதற்கு நிற்கிறீர்கள்? டப்பாமேல் நம் வேதம் அனுமதித்த உணவு என்கிற கோஷர் முத்திரை விழுந்தால் உள்ளே இருப்பது அந்த முத்திரை சொல்கிறபடியே இருக்கவேண்டும் என்பதற்குத்தானே? முத்திரை மாறிய மூடிகளுக்காக ஒரு லாரியையே வெளியே விடாமல் நிறுத்திவைத்தீர்களே, முதலாளி கத்தியும் கெஞ்சியும் பார்த்தாரே, நீங்கள் நகரவில்லையே. அந்தக் கதையை மேஜையைத் தட்டித் தட்டி எங்களுக்குச் சொன்னீர்கள். இப்போது நான் என் லாரியை நிறுத்துகிறேன். திட்டுவதானால் உங்களையும் சேர்த்துத் திட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் வகுப்பில் எல்லாரிடமும் எனக்குப் பரிசு வேண்டாம், ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவாருங்கள், அம்மாக்களிடம் மூச்சு விடாதீர்கள் என்றேன். புத்தகப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார்கள், இந்த வாரம் முழுக்க என் பை யோனா கனம் கனத்தது. ஒவ்வொன்றிலும் முத்திரை பார்த்துத்தான் எடுத்துக்கொண்டேன், நஹாமா கொண்டுவந்ததில் இல்லை, திருப்பி அனுப்பினேன், “உங்கப்பாவே தேவலை”ன்னு முணுமுணுத்துக்கொண்டே வேறு கொண்டுவந்தாள். காலிப் பெட்டிகளை ஓரமாக அடுக்கிவிட்டேன், ஒன்றையும் கிழிக்கவில்லை, ஸ்பெக்டர் ஆன்ட்டிக்கு அவள் செட் முழுசாகப் போய்ச் சேரும். இப்போது கூடைக்கு ஒன்றாவது நிஜம். கூடைகள் கொஞ்சம் இளைத்துத் தெரிகின்றன, தெரியட்டும். உரையில் அந்த வரிக்குப் பதிலாக, மேஜைமேல் இருப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், யாரும் பெயர் கேட்கமாட்டார்கள் என்று சொல்லப்போகிறேன். சொன்னதும் எங்கள் வகுப்புப் பெண்கள் எல்லாருமே எழுந்து ஆளுக்கொன்று எடுப்பார்கள், பேசி வைத்திருக்கிறோம். யாருக்கு நிஜமாகவே வேண்டும் என்று ஸ்பெக்டர் ஆன்ட்டி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாலும் தெரியாது. மற்றவர்கள் எடுத்ததெல்லாம் அன்றைக்கே ஹெஷி மாமாவிடம் போய்விடும்.

இன்னொன்று சொல்லவேண்டும். அந்தப் பெண்ணும் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். நீ கொண்டுவரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உப்பு. “எங்க வீட்ல ரெண்டா இருக்கறது இது ஒண்ணுதான்” என்று என் பையில் திணித்துவிட்டுப் போனாள். அதைத் தலைமேஜைக் கூடையில் வைத்திருக்கிறேன். ஞாயிறன்று கடவுளுக்கு நன்றி சொல்லி ரொட்டியை வெட்டியதும் தொட்டுச் சாப்பிட உப்பு கேட்பார்களே, அப்போது அந்தப் பொட்டலத்தைப் பிரித்து நானே ஸ்பெக்டர் ஆன்ட்டியின் தட்டோரத்தில் வைப்பேன். அவள் தொட்டுச் சாப்பிடுவாள். யார் வீட்டு உப்பு என்று எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அவள் என்றால் ஆன்ட்டி இல்லை.

நெஞ்செரிச்சல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள், பின்னால் அல்ல. மூன்று வேளையும் டப்பா மீனையே தின்னாதீர்கள், சலாமியை எல்லாருக்கும் பங்கு போட்டுவிட்டுச் சும்மா உட்காராதீர்கள். அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை, அவளுக்குத் தனியாக எல்லாரையும் சமாளிக்கவேண்டியிருக்கிறது, என்னைத் திட்டி எழுதினால் அவளுக்கு ஒரு நல்ல வார்த்தையும் சேர்த்து எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மாலை என் தலையில் கைவைத்து நீங்கள் சொல்லும் ஆசியை அங்கிருந்தே காற்றில் கைவைத்துச் சொல்லுங்கள், எனக்கு வந்துவிடும். உங்களுக்கு ஆசி சொல்ல எனக்கு வயதில்லை, ஆனாலும் எதுவும் உங்களை அண்டாமல் நல்லபடியாக வீடு வந்து சேருங்கள். இந்தச் சனிக்கிழமை, சபாத் அன்று எனக்குப் பன்னிரண்டு முடிகிறது. அதுவரை என் தப்புக்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு, அதனால் இன்றிரவு நான் செய்தது உங்கள் கணக்கில் விழும், அதற்கு மட்டும் மன்னியுங்கள். ஞாயிறு பேசப்போவது என் கணக்கு. பிள்ளையின் தப்புக்கு இனி நான் பொறுப்பில்லை என்று கடவுளுக்கு அப்பாக்கள் சொல்லும் நன்றி இருக்கிறதே, பெண்பிள்ளைக்கு அதைச் சொல்வதில்லை என்று ஸெலிக் மாமா சொல்வார். நீங்கள் சொல்லுங்கள். மறக்காமல், சத்தமாகவே சொல்லுங்கள்.

இதை எழுதும் இரவில் இன்னும் உங்கள் பொறுப்பிலேயே இருக்கும் மகள்,
புளூமா