கடலில் போட்ட பிடி அரிசி குறித்து

அனுப்புநர்:
ஜெகதாம்பாள்,
மாயவன் மனைவி, மீன் வியாபாரம்,
சங்குமேட்டுக் குப்பம்,
மகாபலிபுரம் வழி, செங்கல்பட்டு ஜில்லா.

பெறுநர்:
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
கடல் ஆராய்ச்சி நிலையம், சென்னை.

பொருள்: ரேஷன் அரிசியைக் கடலில் கொட்டியதாக வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஆராய்ச்சி உதவியாளர் திரு. ஜெயினுலாபுதீன் குற்றமற்றவர் என்பதும், கொட்டச் சொன்னது நானே என்பதும் குறித்து.

மரியாதைக்குரிய ஐயா,

1. மேற்படி ஜெயினுலாபுதீன் மதுராந்தகத்துப் பிள்ளை. போன ஆடி மாதம் எங்கள் குப்பத்துக்கு வந்து, கருவாட்டு வியாபாரி அப்துல் சுபஹான் பாய் வீட்டில் தங்கி, என் கணவரின் கட்டுமரத்தில் கடலுக்குப் போய்வந்தார். பட்டுத் துணியில் தைத்த பை வலையைத் தண்ணீரில் இழுத்து, கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைச் சீசாவில் பிடிப்பது அவர் வேலை. பிளாங்டன் என்று பெயராம். அதுதான் மீனுக்குச் சோறு என்று அவரே எங்களுக்குச் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் இந்த மனுவுக்கே அவசியம் வந்திராது.

2. ஐப்பசிக்குப் பிறகு மீன்பாடு குறைந்தது. ஊர்க் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்: "மீனு துன்ற சோத்த சீசாவுல அடச்சிகினு போறாரே, அப்பால மீனு இன்னாத்த துன்னும்? எடுத்தவரு திருப்பிக் குடுக்கணும்." ஒரு சீசாவுக்கு ஒரு பிடி அரிசி என்று ஊர் தீர்மானித்தது. சமுத்திரம் எவ்வளவு பெரியது என்று அவர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். நாங்கள் கேட்கவில்லை. படித்தவர், எங்களைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. "சரி அக்கா, போடறேன்" என்றார்.

3. அது அவருடைய சொந்த ரேஷன் பங்கு அரிசி, ஐயா. சர்க்கார் அரிசி ஒரு மணிகூட இல்லை. மதியத்துக்கு அவர் வெறும் மரவள்ளிக் கிழங்கு கொண்டுவருவதைப் பார்த்து என் கணவர், "இன்னா தம்பி, சோறு இல்லியா?" என்று கேட்டதற்கு, கிழங்குதான் தனக்குப் பிடிக்கும் என்றாராம். அவர் அதை விழுங்கப் பட்ட பாட்டிலேயே பொய் தெரிந்தது என்று என் கணவர் சொன்னார். தெரிந்தும் நாங்கள் அரிசி போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை.

4. யாரோ ஒரு புண்ணியவான் தங்களுக்கு மொட்டைக் கடிதாசி போட்டிருக்கிறார். தங்கள் சேவகர் வந்து வலையையும் சீசாக்களையும் எடுத்துப் போனார். ஏன் கொட்டினாய் என்று தாங்கள் கேட்டதற்கு அந்தப் பிள்ளை பதிலே சொல்லவில்லை என்று சுபஹான் பாய் சொல்கிறார். அரிசிப் பஞ்சக் காலத்தில் எங்கள் பெயரைச் சொன்னால் குப்பத்துக்குப் போலீசு வரும் என்ற பயம் அவருக்கு. அதனால் நானே சொல்கிறேன். போலீசு வருவதானால் என் வீட்டுக்கு வரட்டும். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஜில்லா முழுக்க நடந்தவள், ஸ்டேஷனுக்கு நடக்கமாட்டேனா? இந்த வரி வேண்டாம் என்கிறார் எழுதித் தருபவர். இருக்கட்டும்.

5. சீசாக்களில் ஒன்று காலியாக இருந்ததாகவும் கேள்விப்பட்டேன். அதற்கும் நானே ஜவாப்தாரி. ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, பூதக்கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீரைக் காட்டினார். கண்ணாடி போன்ற உடம்போடு ஒரு சின்ன உயிர், இரண்டு பக்கமும் முட்டை மூட்டையைச் சுமந்துகொண்டு துள்ளியது. நிறைமாதக்காரி நடப்பதைப் பார்த்தது போல எனக்கு மனசு கலங்கிவிட்டது. "இத்த வுட்டுடு தம்பி" என்றேன். அந்தச் சொட்டை மறுபடி சீசாவில் விட்டு, சீசாத் தண்ணீர் முழுவதையும் கொண்டுபோய் அலையில் ஊற்றிவிட்டு வந்தார். அப்படிப்பட்டவரா, ஐயா, அரிசியை வீணாக்குகிறவர்?

6. அவர் போய் ஒரு மாதமாகிறது. சீசாவும் இல்லை, பட்டு வலையும் இல்லை. மீன் மட்டும் கூடவில்லை. ஆகவே கூட்டத்தில் நான் சொன்னது தவறு என்று கடலே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மீன் ஏன் குறைந்தது என்று தேடுகிறவர் அவர் ஒருவர்தான். அவரையும் நாங்களே துரத்தியது போலாகிவிட்டது.

7. எனவே தாங்கள் மனமிரங்கி அவரைப் பழைய வேலையில் வைத்து, இதே குப்பத்துக்கு அனுப்பிவைக்கக் கோருகிறேன். ஊர்ப் பெண்கள் நாங்கள் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை அவருக்கென்று பானையில் எடுத்து வைக்கிறோம். சென்னைக்கு அனுப்பலாம் என்றால், அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகச் சர்க்கார் தடை இருக்கிறதாம். சட்டத்தை மீற எங்களுக்கு விருப்பமில்லை. அரிசி வரமுடியாது, ஐயா. அந்தப் பிள்ளையை அனுப்புங்கள், வந்து சாப்பிடட்டும்.

தங்கள் உத்தரவைக் கரையிலிருந்து எதிர்பார்த்திருக்கும்,

ஜெகதாம்பாள்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

இடம்: சங்குமேட்டுக் குப்பம்
நாள்: 12-3-1951

மேற்படியாள் சொல்லச் சொல்ல எழுதியது: அப்துல் சுபஹான், கருவாட்டு வியாபாரி. அந்தப் பிள்ளை தங்கியிருந்த அறையை நான் இன்னும் வேறு யாருக்கும் விடவில்லை.