மாலா ரேடியோவில் சொன்னது

14 நவம்பர் 1986, வெள்ளி. எசன், மேற்கு ஜெர்மனி.

இண்டைக்கு உள்ளூர் ரேடியோவில் பிள்ளையளின்ரை பாட்டு நிகழ்ச்சி. என்ரை பத்து வயது மகள் மாலா அமெரிக்கக் கன்ட்ரிப் பாட்டொண்டு பாடினாள். தாய், என்ரை மனிசி, கூடப் போனா. நானும் மனிசியின்ரை தம்பி செல்வமும் வீட்டிலிருந்து கேட்டம்.

பாட முன்னம் அறிவிப்பாளர், "ஜெர்மனிக்கு எப்பிடி வந்தனீங்கள்?" எண்டு கேட்டார்.

"செல்வம் மாமாதான் எங்களைப் பெர்லினாலை கள்ளமாய்க் கூட்டிக்கொண்டு வந்தவர்" எண்டாள் மாலா, சந்தோசமாய்.

செல்வம் உடனை எழும்பினான். "அத்தான், நான் போறன்" எண்டு உடுப்புகளைப் பைக்குள்ளை திணிச்சுக்கொண்டு இறங்கினான். எங்கை எண்டு கேக்கவும் ஏலாமல் போச்சு. இப்பவும் படியில் ஆரும் ஏறினால் கதவடியில் போய்க் காது குடுத்துக் கேக்கிறன்.

பின்னேரம் மாலா ஓடிவந்தாள். "அப்பா, நான் நல்லாப் பாடினனான்தானே?"

"ஓம் பிள்ளை, நல்லாப் பாடினாய்."

அவள் பாடேக்கை நான் ஜன்னலடியில், பொலிஸ் வருதோ எண்டு பார்த்துக்கொண்டு நிண்டனான். ஒரு வரியும் காதில் விழேல்லை.