பம்புக்கு வெட்டிய அட்டை

மச்சான்,

நேற்று தாமல் கிராமத்திலிருந்து ஒரு பழைய அம்பாசடர் என் ஷெட்டுக்கு வந்தது. இப்போது வருகிற கார்களுக்கெல்லாம் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே கரண்டில் ஓடுகிறது. இஞ்சினின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டில் தொங்கிக்கொண்டு, இஞ்சின் சுற்றச் சுற்றப் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் அந்தப் பழைய பம்பைத் தொட்டு எத்தனையோ வருஷமாகிறது. பைப்பைக் கழற்றியதும் பெட்ரோல் என் மணிக்கட்டில் வழிந்தது. அங்கே இருக்கும் தீத்தழும்பு புதிதாகச் சுட்ட மாதிரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. உன்னிடம் சொல்ல ஒன்று பாக்கி இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

நமக்குள் எல்லாமே அடிதடியில்தான் ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டில் உன் டாக்சிக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன் என்று நீ என் சட்டையைப் பிடித்தாய், நான் உன் மூக்கை உடைத்தேன். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "நல்லா குத்துற மச்சான், வா டீ சாப்டலாம்" என்றாய். பிறகு என் தங்கையை உனக்குக் கட்டிவைத்து அந்த மச்சானை நிஜமாக்கினேன். கோபக்காரன், கை நீட்டுவான், வேண்டாம் என்றாள் அம்மா. வெளியில்தான் சண்டியர், வீட்டில் பூனை என்று நான்தான் உனக்காகப் பேசினேன். எவ்வளவு பெரிய மடையன் நான்!

வண்டி நின்றுபோனால் நீ வண்டியை அடிப்பாய். டயரை உதைப்பாய், பானெட்டைக் குத்துவாய், பம்பின் தலையில் ஸ்பேனரால் நாலு போடு போடுவாய். சில நேரம் அதுவும் ஓடித் தொலைக்கும். "அடிச்சாத்தான் வேல செய்யுது பாரு" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாய். இதே வார்த்தையை என் தங்கையைப் பற்றியும் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாய் என்பது எனக்குத் தெரிய ரொம்ப நாளானது.

தொண்ணூறுகளின் கடைசியில், அந்தச் சித்திரை மாத மதியம் உனக்கு மறந்திருக்காது. சேலை எடுக்க வந்த சென்னைக் குடும்பத்தைச் சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, இருமி இருமி ஓடிய வண்டியை ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினாய். பம்பின் உள்ளே பெட்ரோலை இழுக்கும் டயாப்ரம் சவ்வு கிழிந்து, பெட்ரோல் இஞ்சின் ஆயிலோடு கலந்திருந்தது. பழைய இரும்புக் கடையிலிருந்து நீயே ஒரு பம்ப் வாங்கி வைத்திருந்தாய். நல்ல பம்ப்தான், ஆனால் அதன் மேல்மூடிக்கு அடியில் பெட்ரோல் கசியாமல் தடுக்கிற கார்க் வளையம், அந்தப் பேக்கிங், உதிர்ந்துபோயிருந்தது. ஆயிலை மாற்றிவிட்டு, கார்க் வாங்கிவரக் கிளம்பினேன். "அதெல்லாம் வாணாம், அட்டைல வெட்டு. பார்ட்டி வெய்ல்ல நின்னுக்கினு இருக்குது" என்று கத்தினாய்.

அட்டை என்றால் நம் ஊரில் எது என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. தறிக்கு மேலே ஓடும் டிசைன் அட்டை. சேலையில் மயில் எங்கே, மாங்காய் எங்கே என்று ஓட்டை ஓட்டையாக அடித்துவைத்த கெட்டி அட்டை. தறிக்காரர்கள் கழித்துப்போட்டதை நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லோருமே பேக்கிங் வெட்ட எடுத்துவைப்போம். ஓட்டை இல்லாத ஓரமாகப் பார்த்து வெட்டவேண்டும், வெட்டியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். அதில் நான் ஒருநாளும் தவறியதில்லை.

அன்று வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் தங்கை உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். தூக்கை இடது கையில் பிடித்திருந்தாள். வலது கையில் மூன்று விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன. அந்த விரல்களால்தான் அவள் தறிக்காரர்களுக்கு அட்டைகளை வரிசையாக நூலில் கோர்த்துக் கொடுத்துச் சம்பாதித்தாள்.

"இன்னாம்மா இது?"

"கதவுல மாட்டிக்கிச்சுண்ணா."

நீ பம்பை மாட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "எங்க ஊட்டுக் கதவு, எங்க ஊட்டு வெரலு. நீ உன் வேலயப் பாரு மச்சான்" என்றாய்.

உன் பிடரியில் ஸ்பேனரை இறக்கியிருப்பேன். என் கை கத்தரிக்கோலில் இருந்தது. கண்ணில் நீர் கட்டி எதுவுமே தெரியாத கோபம். வெட்டி முடித்த வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. பம்பின் தலையில் வைத்து, மூடியைப் போட்டு முறுக்கினேன். நீ குனிந்து பெட்ரோல் ஏறுகிறதா என்று பார்க்க, நான் உன் பக்கத்தில் நிற்க, "போய் செல்ஃப் குடுடீ" என்று அவளை விரட்டினாய். அவள் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பச் சாவியில் கை வைத்தாள்.

"ண்ணா, குடுக்கட்டுமா?"

நான் குனிந்திருந்த உன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ண்ணா. குடுக்கட்டுமா?"

"குடு" என்றேன்.

இஞ்சின் சுற்றியதும் மூடியின் இடுக்கிலிருந்து பெட்ரோல் பீய்ச்சி உன் கழுத்திலும் சட்டையிலும் அடித்தது. எந்த வயரில் பொறி தெறித்ததோ, குப்பென்று பற்றியது. நீ அலறிக்கொண்டு பின்னால் விழுந்தாய். என் காலடியில், வாளித் தண்ணீரில் ஊறிய சாக்கு கிடந்தது. குனிந்து எடுத்தும்விட்டேன். எடுத்துக்கொண்டு நின்றேன். ஒரு மூச்சு விடும் நேரம், உன்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். எரியட்டும் என்று நினைத்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது, அப்படித்தான் நினைத்தேன்.

அவள்தான் காரிலிருந்து குதித்து ஓடிவந்து, என் கையிலிருந்து சாக்கைப் பிடுங்கி உன்மேல் போட்டு அடித்தாள். அந்த வீங்கின கையால். அப்புறம்தான் எனக்குக் கால் வந்தது. உன் சட்டையைக் கிழித்து எடுக்கும்போது என் மணிக்கட்டு வெந்தது.

ஆஸ்பத்திரியில் கழுத்து முழுக்கக் கட்டோடு கிடந்த நீ ஒருநாள் சொன்னாய்: "சாக்க வெச்சிக்கினு நின்ன. நான் பாத்தேன்டா."

"ஆமா" என்றேன்.

அதற்குப் பிறகு நாம் அதைப் பேசவே இல்லை. நீ அவள்மேல் கை ஓங்கவும் இல்லை. பயமா, வெட்கமா, எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கடைசி வரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து என்னோடு டீ குடித்தாய். நீ செத்த அன்று எனக்கு அழுகை வந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை. வெட்டிய வளையத்தில் இருந்த அந்த அட்டை ஓட்டையை நான் தெரிந்தே விட்டேனா, தெரியாமல் விட்டேனா என்று இத்தனை வருஷம் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

சொல்லவந்தது இனிமேல்தான். உன் காரியம் முடிந்த அன்று சாயங்காலம் அவளிடம் அதைச் சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"ஓட்டய நான் பாத்தேண்ணா. நீ மூடி போடும்போதே பாத்தேன். தெனம் கைல பொழங்குற அட்ட, எனக்குத் தெரியாதா? அதான் உன்ன ரெண்டு வாட்டி கேட்டேன்."

"அப்புறம் ஏம்மா அணைச்ச?" என்றேன்.

"நீ அணைக்கலியே" என்றாள்.

நேற்றைய காருக்குக் கடையில் வாங்கிய கார்க் பேக்கிங்தான். அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன். வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, நான் மூடியை முறுக்கி முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ண்ணா, குடுக்கட்டுமா?" என்று ஒரு தடவைதான் கேட்டாள்.