காப்பு அவிழ்க்கும் வரை ரெண்டு

என் பாண்டியம்மா மதினிக்கு, உங்களைத் திட்டவும் முடியாமல் மறக்கவும் முடியாமல் தனம் எழுதுவது.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மல்லிகையில் பூ குறைந்துவிட்டதால் அண்ணன் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வாரத்தில் ஒரு நாள், ரெண்டு நாள்தான் போகிறார். மற்ற நாளில் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். யார் வந்தாலும் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டுகிறார். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

ஆஸ்பத்திரி நர்சு துக்கம் கேட்க வந்தபோது கொண்டுவந்த தாள் அது. உங்கள் வலிக்கு என் போனில் ஆஸ்பத்திரி ஆப்பில் நாம் தினமும் போட்ட எண்களை எல்லாம் ஒன்றாக அச்செடுத்துக் கொடுத்தது அந்தப் பெண். கடைசி எட்டு நாளும் ரெண்டு, ரெண்டு, ரெண்டு. அண்ணன் அந்த இடத்தில் விரலை வைத்துச் சொல்வார்: "பாருங்க, பத்துக்கு ரெண்டுதான். நோகாமப் போயிட்டா. எனக்கு அம்புட்டுதான் ஆறுதல்."

நான் காபித் தம்ளரோடு பக்கத்தில் நிற்பேன். அத்தனை ரெண்டும் பொய் என்று போன வாரம் வரைக்கும் தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான் மதினி. நீங்களும் இல்லாமல் போய்விட்டீர்கள்.

அந்த ஆப் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு, இப்போதைக்கு மாத்திரையில் பார்ப்போம், வலி கூடினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். பொம்பளைகளுக்கு வலி நெஞ்சில் மட்டும் வராது, தாடையில் வரும், முதுகில் வரும், நீங்கள் வாய்வு என்று சோடா குடித்துவிட்டுக் கிடப்பீர்கள் என்று சொல்லி நர்சுதான் அதை இறக்கிக் கொடுத்தது. உங்களிடம் பட்டன் போன், அதனால் என் போனில். தினமும் காலையில் அது பேசும். வலி எங்கே, பத்துக்கு எவ்வளவு என்று கேட்கும். ஆறோ அதற்கு மேலோ போட்டால் ஆஸ்பத்திரிக்குத் தகவல் போய், அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவார்கள்.

முதல் நாள், "வணக்கம் பாண்டியம்மா, இன்று உங்களுக்கு வலி எப்படி இருக்கிறது?" என்று அந்தக் குரல் கேட்டதும் நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். "யாரு தனம் இவ? நான் வாக்கப்பட்டு வந்து முப்பது வருசமாச்சு. இந்த வீட்டுல ஒருத்தரும் கேக்காததக் கேக்குறா." நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்த ஒருத்தரில் நானும் உண்டு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் நாலைந்து மாதம் உள்ளதை உள்ளபடிதான் சொன்னீர்கள். "தாடைய இழுக்குது, நாலு போடு." "குனிஞ்சு பூப் பறிச்சேன், முதுகுல அஞ்சு இருக்கும்." ஒரு தடவை ஆறு போட்டோம். அரை மணியில் போன் வந்தது. மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள், பத்தே நாளில் வலி ரெண்டுக்கு இறங்கியது. அது சரியாகத்தான் வேலை செய்தது மதினி. கெடுத்தது நாம்.

வைகாசியில் ஊர்த் திருவிழா வந்தது. இந்த வருசம் காப்புக் கட்டுகிற முறை நம் வீட்டுக்கு. அண்ணன் கையில் மஞ்சள் கயிறு ஏறியது. காப்புக் கட்டியவர் எட்டு நாளைக்கு ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது, சாவு வீடு, ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கக் கூடாது. அடுத்த நாள் காலையில் போன் கேட்டது. நீங்கள் ஒரு எண் சொன்னீர்கள். நான் அழுத்தப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"வேணாம். ரெண்டுன்னு போடு."

"என்ன மதினி வெளாட்டு? வலிக்குதுன்னு இப்பத்தான சொன்னீங்க?"

"உங்கண்ணன் கையில காப்பு இருக்கு. நான் போயி ஆஸ்பத்திரியில படுத்தா அவரு இங்க இருப்பாராக்கும்? கயித்த அத்துப் போட்டுட்டு ஓடி வந்துருவாரு. அப்புறம் மழ பேயலைன்னாலும் மாடு செத்தாலும் இவராலதான்னு காலத்துக்கும் பேசுவாய்ங்க. காப்பு அவுத்த மறுநா மொத பஸ்ஸுல போயிருவோம். எட்டு நாளுதான தாயி."

நான் ரெண்டு போட்டேன். "மகிழ்ச்சி பாண்டியம்மா, உங்கள் வலி கட்டுக்குள் இருக்கிறது" என்றது போன். நீங்கள் எழுந்து மாவாட்டப் போனீர்கள்.

உங்கள் பேச்சைத் தட்ட முடியவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அண்ணன் கையில் காப்போடு தெருவில் நடக்க, ஊரே ஒதுங்கி வழி விட்டது. அதைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் வீட்டு முறை நின்றுபோகக் கூடாது என்று நானும்தான் நினைத்தேன். சாயங்காலம் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டும்போது நீங்கள் மட்டும் சுவரோரம் உட்கார்ந்து கையைத் தட்டினீர்கள். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்திருந்ததால் குலவை போடவில்லை. நான் பார்த்தேன், பார்த்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தேன். என்ன மனுசி நான்?

காப்பு அவிழ்த்த மறுநாள் பையோடு நான் வந்தபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். மடியில் சீப்பு, பாதி பின்னிய தலை. முதல் பஸ் வருவதற்கு இன்னும் இருபது நிமிசம் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும், காப்பு அவிழ்க்கிற வரைக்கும் காத்திருந்து போன புண்ணியவதி என்றார்கள்.

அந்த மட்டோடு போயிருந்தால் இந்தப் பொய்யை நானே விழுங்கிக்கொண்டு செத்திருப்பேன். போன வாரம் மேலத் தெரு ஜோதி ரேஷன் கடை வரிசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அதே நோவு, அவள் போனிலும் அதே ஆப். இன்னைக்கு எம்புட்டு போட்ட என்று கேட்டேன். "அதைத் தூக்கிட்டேன்க்கா. மதினிக்கு ரெண்டுன்னுதான காமிச்சுச்சு, அது என்னத்தக் கண்டுச்சு?" என்றாள். அவளைப் பார்த்து இன்னும் மூன்று பேர் அழித்துவிட்டார்களாம்.

நான் வரிசையை விட்டு அவளைத் தனியே கூட்டிப்போனேன். "அது ஒண்ணும் காமிக்கல ஜோதி. நாங்க சொன்னதத்தான் எழுதிக்கிருச்சு. மதினிக்கு வலி இருந்துச்சு. ரெண்டுன்னு அமுக்குனது நான்" என்றேன். "அண்ணனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் ஜோதி கேட்டாள். அன்றே ஆப்பைத் திரும்ப இறக்கிக்கொண்டாள், மற்ற மூன்று பேரையும் வழிக்குக் கொண்டுவருகிறேன் என்றாள். ஆனால் தெருவில் ஒரு வாய்க்குத் தெரிந்தது அண்ணன் காதுக்குப் போக எத்தனை நாள் ஆகும்? நானே சொல்லிவிடுவது என்று நேற்று சாயங்காலம் போனேன்.

சொன்னேன் மதினி. காப்புக்காக நீங்கள் மறைத்தது, நான் உடந்தையாக இருந்தது எல்லாம். அண்ணன் தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "எனக்காகவா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப நெசமா எம்புட்டு இருந்துச்சு தனம்?" என்று கேட்டார்.

அடுப்பில் பால் பொங்குது என்று சொல்லி எழுந்தேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. புழக்கடை வழியாக என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று காலையிலிருந்து ரெண்டு தடவை ஆள் விட்டு அனுப்பிவிட்டார். என்ன சொல்லட்டும்? மூன்று, நாலு என்றால் நம்பிவிடுவார். பாவம், நம்பத்தான் ஆசைப்படுவார். காப்புக் கட்டிய மறுநாள் நீங்கள் சொன்னது ஏழு. கடைசி நாள் ஒன்பது. "பத்து சாவுக்கு தாயி, அதுக்குன்னு ஒண்ணு விட்டு வச்சிருக்கேன்" என்று சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

இந்தக் கடிதத்தை முடித்ததும் எழுந்து போகிறேன். ஒன்றுகூடக் குறைக்காமல் ஒன்பது என்றே அவரிடம் சொல்வேன், இது உங்கள் மேல் சத்தியம். அவர் தாங்குவாரா என்பது எனக்குத் தெரியாது.

உங்கள் பேச்சைக் கேட்டுத் தொலைத்த நாத்தனார்,
தனம்