மாப்பில் போட்ட பின்னல்

என்னங்க,

தங்கையோடு கீமோவுக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு மேஜையில் மூடியிருக்கிறது. கார்பெண்டர் வந்தால், பாடம் எழுதுகிற போர்டைப் பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் அடிக்கச் சொல்லுங்கள்.

"பசங்க ஸ்கூல்லேருந்து ஏதாவது காய்ச்சலைக் கொண்டுவந்தா உனக்குத் தாங்காது, கொஞ்ச நாள் நானே வீட்ல சொல்லித்தரேன்" என்றீர்கள். நம்பினேன். காலையில் பார்த்தால், கதவுக்குப் பின்னால் இருக்கும் தரை துடைக்கிற மாப்பின் நூலையெல்லாம் யாரோ பின்னல் போட்டு, நுனியில் பெரியவளின் ரப்பர் பேண்டை மாட்டியிருக்கிறார்கள். இந்த வீட்டில் அந்த யாரோ நீங்கள்தான். கணக்கும் எழுத்தும் சொல்லித்தருகிறவருக்குத் தலை பின்னுகிற வேலை எதற்கு? அதுவும் எனக்குத் தெரியாமல்? காய்ச்சலுக்கும் சடைக்கும் என்ன சம்பந்தம்?

போன தடவை என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார்? "சும்மா பில் விஷயம்" என்றீர்கள். பில் விஷயத்துக்கு யாரும் முகம் கழுவிக்கொண்டு வர மாட்டார்கள். சாயங்காலம் மழுப்பாமல் சொல்லுங்கள்.

சாவி செருப்பு அலமாரிக்கு மேல்.

பி.கு: பின்னல் தொளதொளவென்று இருக்கிறது, பெரியவள் முடியில் நிற்காது. மேலேயிருந்தே இழுத்துப் பிடிக்க வேண்டும். இனி மாப்பு வேண்டாம். நான் வந்ததும் அவளையே உட்காரவைத்துப் பின்னுங்கள். பக்கத்தில் இருந்து சொல்லித்தருகிறேன்.