விருந்தாளிக்கு ஏது லீவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே நடக்கிற கூத்தைக் கேள். வேலையாட்களின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்ற உலக ஒப்பந்தத்தில் இந்த நாடு கையெழுத்துப் போட்டது. கையோடு ஒரு சட்டமும் கொண்டுவந்துவிட்டது: தையல் கம்பெனியில் இருக்கும் நாங்கள் வேலையாட்களே இல்லையாம், விருந்தாளிகளாம். விருந்தாளியின் பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருப்பது உபசாரமாம்!

ஒப்பந்தப்படி நடக்கிறதா என்று பார்க்க நேற்று வெளிநாட்டு அதிகாரிகள் வந்தார்கள். கம்பெனிக்காரர்கள் மெஷினை நிறுத்தி, எங்கள் கையில் ஜூஸைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். பக்கத்து மெஷின் அக்கா, "விருந்தாளின்னா நெனச்சப்ப கெளம்பலாம்ல?" என்று கேட்டாள். அதிகாரிகள் சந்தோஷமாகத் தலையாட்டியதைப் பார்த்தால், கம்பெனி மொழிபெயர்ப்பாளர் வேறு என்னவோ சொல்லியிருக்கிறார்.

தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டேன். "விருந்தாளிக்கு ஏதும்மா லீவு?" என்று சிரிக்கிறார் சூப்பர்வைசர். போட்டோ எடுக்கும்போது எனக்கும் ஓர் இடம் விட்டு நில்லுங்கள்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை, கவலைப்படாதே. உன் தலையணை உறை ஒன்றை அனுப்பு, துவைக்க வேண்டாம்.

மணி அடித்துவிட்டது. நான் என்றைக்கு வந்தாலும் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடாதே அம்மா. பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கிறதே என்று திட்டு.

உன் மூத்தவள்