களை என்றொரு குடும்பம் இல்லை

அன்பு செல்வின் மச்சான்,

முதலில் செய்தி: நம் ஏரியில் ஒரு பறவையின் கூடு தப்பிவிட்டது. முக்கியமானதைக் கடைசி வரியில் ஒளித்து வைக்கிற நிருபர் நான் இல்லை, உனக்குத் தெரியும்.

போன மழையில் கிழக்குத் தாம்பரத்தில் நம் தெருவுக்குள் தண்ணீர் நின்றது. அதனால் ஏரியைச் சுத்தம் செய்யக் குடியிருப்போர் சங்கம் முடிவெடுத்தது. நல்ல முடிவுதான். ஆனால் களை முழுவதையும் எடுப்பது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். மிதக்கிற ஆகாயத்தாமரையும் களை, கரையோரம் ஆளுயரம் நிற்கிற சம்புக் கோரையும் களை.

கல்லூரியில் காலமெல்லாம் தாவரவியல் நடத்தியவன் நீ. இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பாய். "களைன்னு ஒரு குடும்பம் எந்தப் புத்தகத்துலயும் கிடையாது மாப்ள. நமக்குப் பிடிக்காத செடிக்கு நாம வெச்ச பேரு அது" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்!

கூட்டைப் பார்த்தது உன் தங்கை ரூபிதான். காலை நடையில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். சம்புக்கு நடுவே நீலமாய் ஒரு தாழைக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஜேசிபி கரையில் வந்து நின்றுவிட்டது. சங்கச் செயலாளர் வசந்தா அக்காவும் பக்கத்திலேயே இருந்தார்.

"அக்கா, சம்பை மட்டும் விட்டுடுங்க. உள்ள தாழைக்கோழி முட்டை வெச்சிருக்கு."

"கோழிதானே சார்? வேற எடத்துல போடட்டும். எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்போ எந்தக் கோழி வந்து மொண்டு ஊத்துச்சு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நியாயமான கேள்விதானே?

"பேர்லதான் கோழி, அக்கா. அது தண்ணிப் பறவை, நெத்தியில வெள்ளையா இருக்கே நாமக்கோழி, அதுக்குச் சொந்தம். இந்த ஏரியில சம்பு இல்லேன்னா அதுக்குக் கூடு கட்ட எடமில்ல. உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்தது ஆகாயத்தாமரை மதகை அடைச்சதால. அது வேற நாட்டுலேர்ந்து வந்தது, தண்ணிய மூடிடும். சம்பு நம்ம ஊர்ச் செடி. வேர் விட்டுக் கரையைப் பிடிச்சுகிட்டு நிக்குது."

"பாம்பு வருதே?"

"வரும். தவளை இருக்கு, வருது. தவளையும் மீனும் போயிட்டா கொசுவ யார் தின்பா? சங்கமா?"

"நல்லா பேசறீங்க சார். பேப்பர்காரராச்சே!"

ஜேசிபி ஓட்டுநருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா சார், ரெண்டும் பச்சையாத்தான் கீது. எத்த எடுக்கணும், எத்த வுடணும்? சொன்னா முடிச்சுகினு போய்கினே இருப்பேன்."

அக்கா சம்பைப் பார்த்தார், பிறகு மதகைப் பார்த்தார். "மிதக்கறத எடுப்பா. நிக்கறத விட்டுடு." என் பக்கம் திரும்பி, "குஞ்சு வளர்ற வரைக்கும்தான் சார். அப்புறம் கூட்டம் போட்டு முடிவு பண்ணுவோம்" என்றார்.

இப்போது மதகு திறந்திருக்கிறது, நடு ஏரியில் வானம் தெரிகிறது. கரி உருண்டைகள் போலக் குஞ்சுகள் தாயின் பின்னால் சாய்ந்த சம்பு இலைகளை மிதித்து நடக்கின்றன. ரூபி தினமும் போய்ப் பார்க்கிறாள். உன்னிடம் சொல்வதுபோல என்னிடம் சொல்கிறாள்.

ஒன்றுதான் புரியவில்லை, மச்சான். சம்பும் அளவு மீறினால் ஏரியை மூடிவிடும். எவ்வளவு வெட்டலாம், எந்தப் பக்கம் விடலாம்? ஒரு போன் போட்டு உன்னைக் கேட்டிருப்பேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், இப்போது யாரைக் கேட்பது?

அந்தக் கூட்டத்துக்குப் போவேன். அதற்கு முன் உன் துறையில் இப்போது இருப்பவர்களிடம் கேட்டு, படித்துவிட்டுப் போவேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன். தெரிந்ததை எவர் சிரித்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் தங்கையைக் கட்டிய,
உன் மாப்ள
ஜெயராஜ்